நீ அந்த விடுதியை வாங்கிய விதம்

தம்பி,

உன்னுடைய விடுதித் திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன். முழங்கால் நோவு என்றோ, நிலாவெளி வரைக்கும் வாகனத்தில் வரத் தாங்கமாட்டா என்றோ நீ வருகிறவர்களுக்குச் சொல்லிச் சமாளிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மா கோபத்தில் வரவில்லை என்று சொல். ஏன் கோபம் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. உறையை நான் ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒன்றைத் தொடங்க முதலே நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா, விளங்குது" என்பாய். உனக்கு விளங்கவில்லை. என் வேலைக்காலம் முழுக்கத் தபால் கந்தோரில் இருந்து மற்றவர்களுடைய கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன். நானே இருந்து இவ்வளவு நீளமாக எழுதுகிற கடிதம் இதுதான். கடைசி வரை வாசி.

சுதாகரனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நீ கட்டாருக்கு வேலைக்குப் போனபோது அவன் இங்கே நின்றான். நிலாவெளியில் அவனுக்குச் சீதனமாக வந்த காணியில், வங்கியில் லோன் எடுத்து, அவனும் அவன் மனைவி யோகாவும் ஐந்து அறைகள் கட்டினார்கள். கல் சுமந்தது அவர்கள், வெள்ளையடித்தது அவர்கள். சமைத்தவனும் அவன்தான். அவன் வைக்கிற நண்டுக் குழம்புக்காகவே திரும்பி வந்த வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். லோனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தான். பிறகு கொரோனா வந்து பிளேன்களை நிறுத்தியது. அது முடிந்து ஆட்கள் வரத் தொடங்க, டொலர் ஏறி, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை என்று நாடே வரிசையில் நின்றது. வரிசையில் நிற்கிற நாட்டுக்கு யார் உல்லாசமாக வருவார்கள்? வட்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் குடிக்கவில்லை, சூதாடவில்லை, பெரிதாக ஆசைப்பட்டு ஒன்றைத் தொட்டுக் கெடவும் இல்லை. அவன் செய்த ஒரே பிழை, அந்த வருடங்களில் இந்த நாட்டில் ஒரு விடுதி வைத்திருந்தது.

அவன் விற்கத் தீர்மானித்தபோது உன்னிடம்தான் முதலில் கேட்டான். எங்கே வைத்துக் கேட்டான் என்று நினைவிருக்கிறதா? என் வீட்டில். என் சாப்பாட்டு மேசையில். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் உன் முகம் தெரிந்தது. அவன் தான் நினைத்த விலையைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அது அநியாய விலை இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "சரி மச்சான், அந்த விலைக்கே நான் எடுக்கிறன். உன்ர கஷ்டத்தில பேரம் பேசினால் நான் மனுசனோ? வேற ஆருக்கும் குடுத்துப்போடாதை. ரெண்டு மாசத்துக்குள்ள காசு வரும்."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "அன்ரி, இந்தக் கிழமைதான் நித்திரை கொள்ளப் போறன்" என்றான். உன்னைப் பெற்றதற்காக அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஒரு மாதம் போய், கண்டியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நீ சொன்ன விலையிலும் கொஞ்சம் குறைவு, ஆனால் காசு கையோடு. சுதாகரன் நேரே என்னிடம் வந்தான். "அன்ரி, குடுக்கட்டோ, பொறுக்கட்டோ? நீங்கள் சொல்லுங்கோ." நான் சொன்னேன், "பொறு ராசா. அவன் சொன்ன சொல்லு மாறமாட்டான்." அவன் பொறுத்தான். கண்டிக்காரர் போய்விட்டார். தம்பி, உன்னுடைய சொல்லை மட்டும் நம்பி அவன் பொறுக்கவில்லை. என்னுடைய சொல்லையும் நம்பித்தான் பொறுத்தான். நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உன் மனைவி கேட்டாளாம். இதை அவளுக்குச் சொல்.

அதற்குப் பிறகு உன்னிடம் நான் கேட்ட போதெல்லாம் "பாத்துக்கொண்டிருக்கிறன் அம்மா, டொலர் இன்னும் ஏறும்" என்றாய். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிறகு, விடுதியை வாங்கிவிட்டேன் என்று ஒருநாள் சொன்னாய். நல்லது, பெடியன் தப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பேசிய விலைக்குத்தான் வாங்கினாயா என்று நான் கேட்கவே இல்லை. என் பிள்ளையிடம் அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுதாகரன் அதன்பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. விற்றவனுக்கு ஒரு வெட்கம் இருக்கும்தானே என்று அதையும் விட்டுவிட்டேன்.

போன மாதம் நீ லீவில் வந்து, புதிதாகக் கட்டிய மாடியைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். முன் விறாந்தையில் இருத்தினாய். நீலச் சீருடை போட்ட ஒரு பெண் தட்டில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். நான் கோப்பையை எடுக்கக் கை நீட்டிவிட்டு நிமிர்ந்தால், யோகா.

"அன்ரி, சுகமா இருக்கிறியளே?" என்றாள். நான் பக்கத்துக் கதிரையைக் காட்டி, "இரு பிள்ளை" என்றேன். அவள் திரும்பி உன்னைப் பார்த்தாள். "இல்லை அன்ரி, வேலை நேரத்தில இருக்கக் கூடாது" என்றாள். அந்தக் கதிரை அவள் வாங்கியது. திருமலைக் கடைத்தெருவில் நானும் அவளும் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய கதிரைகள் அவை. அதில் அவளால் இருக்க ஏலாது, நான் இருக்கலாம்!

அதோடு நீ விட்டாயா? அங்கே நின்றபடி சத்தம் போட்டாய். "மேல் அறையளுக்குக் குளிக்கிற துவாய் மாத்தியாச்சோ? எத்தினை தரம் சொல்லுறது? நினைச்ச நேரம் செய்ய இது உங்கட வீடில்லை."

அவள் "ஓம் சேர்" என்றாள். உன் பிறந்தநாளுக்குக் கேக் அடித்துக் கொடுத்துவிட்ட பிள்ளை உன்னை "சேர்" என்றாள். நீ போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் அவள் பின்னாலேயே போனேன். துணி தோய்க்கிற இடத்தில் வைத்துக் கையைப் பிடித்து என்ன நடந்தது என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ அன்ரி நாங்கள் நினைச்சம்" என்றாள். அந்த ஒரு வசனத்தில் நான் செத்தேன். இவ்வளவு காலமும் அவர்கள் இரண்டு பேரும், அன்ரியும் சேர்ந்துதான் செய்தா என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் சொன்னது இதுதான். வங்கி ஏல அறிவித்தல் பேப்பரில் வந்தது. அவன் உனக்குப் போனுக்கு மேல் போன் எடுத்தான். நீ எடுக்கவில்லை. ஏலத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது நீயாக எடுத்தாய். "மச்சான், நிலைமை மாறிப்போச்சு. இப்ப ஒருத்தரும் வாங்கமாட்டினம். ஏலத்தில போனால் இதுவும் கிடையாது. பேசின விலையில பாதி எண்டால் நாளைக்கே அனுப்புறன்" என்றாய். அவன் கெஞ்சினான். நீ "யோசிச்சுச் சொல்லு" என்று வைத்துவிட்டாய். அந்தப் பாதி முழுவதும் வங்கிக்கே போனது. அதுவும் போதாமல் அவனுடைய வான் வண்டியும் அவளுடைய தாலிக்கொடியும் போய்த்தான் கடன் முடிந்தது. பேசிய விலையை நீ கொடுத்திருந்தால் கடனைக் கட்டிவிட்டு ஒரு சின்ன வீடும் வாங்கியிருப்பார்கள். இப்போது கப்பல்துறை ஊரில் ஒரு அறையும் சமைக்கிற குசினியும் வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். சுதாகரன் இன்னொருவருடைய ஓட்டோவை நாள் வாடகைக்கு ஓடுகிறான்.

திரும்பி வரும் வழியில் காருக்குள் நாம் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு நியாயமான கோபம் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டாய்.

"நான் என்ன களவே எடுத்தனான் அம்மா? உறுதி எழுதிற நொத்தாரிசுக்கு முன்னால அவன் கையெழுத்து வைச்சு வித்தது. நான் வாங்காட்டி ஏலத்தில இதிலும் குறையப் போயிருக்கும். யோகாவுக்கு வேலையும் குடுத்திருக்கிறன். வேற ஆர் குடுப்பினம்? அப்பா மாதிரி என்னையும் ஏமாளியா இருக்கச் சொல்லுறியளோ?"

அப்பாவை இழுத்தாய் அல்லவா, அந்தக் கதைக்கு வருவோம். சுனாமி முடிந்த கையோடு, துறைமுகத்தில் அப்பாவோடு இழுவைப் படகில் வேலை செய்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். குச்சவெளிப் பக்கம் கடற்கரையோடு அவருக்குக் காணி இருந்தது. மனைவியையும் மகளையும் அந்தக் காணியில் வைத்துத்தான் கடல் கொண்டுபோனது. "என்ன விலையெண்டாலும் தந்துபோட்டு எடுங்கோ, எனக்கு அதைப் பாக்க ஏலாது" என்றார். அப்பாவிடம் காசு இருந்தது. அவர் சொன்னார், "இப்ப உங்களுக்கு விலை தெரியாது. ஒரு வருசம் பொறுங்கோ. அப்பவும் விக்க வேணுமெண்டால், அப்ப நிக்கிற விலைக்கு நான் வாங்கிறன்." மனிதர் எழும்பிப் போய், அடுத்த கிழமையே வேறொருவருக்கு, கேட்டவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார். அதில் இப்போது பெரிய ஹோட்டல் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீ கையை நீட்டிச் சிரிப்பாய்: "அந்தா, அப்பா விட்ட ஹோட்டல்."

காருக்குள் நீ கேட்டாய்: "அப்பா வாங்காமல் விட்டதால அந்த மனுசனுக்கு என்ன நன்மை? இன்னும் குறைச்சுத்தானே வித்தார்?" நல்ல கேள்வி. இரண்டு கிழமையாக அதை யோசித்தேன். நீ சொல்வது சரி. அப்பா ஒரு நியாயமான விலையைச் சொல்லி, அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும். தன்னுடைய கையில் அழுக்குப் படக் கூடாது என்று பார்த்தாரே தவிர, அந்த மனிதருடைய கை வெறுங்கையாகப் போனதைப் பார்க்கவில்லை. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: நீ வாங்கியது பிழை இல்லை. கஷ்டத்தில் விற்கிறவனுக்கு வாங்குகிறவன் ஒருவன் வேண்டும். எல்லோரும் பாவம் பார்த்து விலகிப் போனால் அவன் இன்னும் ஆழத்தில் போவான். கடன்பட்டவனுடைய பொருளைத் தொடக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

டொலர் ஏறியதில் உனக்கு வந்த இலாபத்தையும் நான் பிழை சொல்லவில்லை. சுதாகரன் விலை சொன்னது ரூபாயில். நீ சம்பாதித்தது அங்கத்தைய காசில். மூன்று நான்கு மாதத்துக்குள், பேசிய விலை உனக்குப் பாதியாக வந்துவிட்டது. அவன் ஒரு சதமும் இழக்காமல், நீ பாதிக்கு வாங்கியிருக்கலாம். ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில் உன் தலையில் விழுந்த அதிர்ஷ்டம் அது. வைத்திருந்திருக்கலாம். யாரும் உன்னைக் கேட்டிருக்க முடியாது. ஆனால் உனக்கு அது போதவில்லை. ஒரு தரம் காலம் பாதியாக்கித் தந்தது. இரண்டாம் தரம் பாதியாக்கியது நீ. அவன் கழுத்தில் கயிற்றைப் போட்டது நீ இல்லை என்கிறாய், சரி. அந்தக் கயிறு இறுகும் வரை போனை எடுக்காமல் காத்திருந்தது யார்? அவனைத் தாங்கியிருக்கக்கூடிய கண்டிக்காரரை அனுப்பிவிட வைத்தது யார்? "ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்றாயே, வாங்க வந்தவரைத் திருப்பியது உன்னுடைய வாக்கு. நீயே கதவைப் பூட்டிவிட்டு, இந்த வீட்டுக்குக் கதவு இல்லை என்று சொன்னாய்.

நொத்தாரிசைப் பற்றிப் பேசாதே. பசியில் இருக்கிறவன் எதிலும் கையெழுத்து வைப்பான். கையெழுத்து வைத்ததால் அது சம்மதம் ஆகிவிடாது. வேலை கொடுத்ததைப் பற்றியும் பேசாதே. அவளுடைய வீட்டில் அவளையே துவாய் மடிக்க வைத்துவிட்டு அதற்குத் தயவு என்று பெயர் வைத்திருக்கிறாய். உனக்கு ஒரு வேலைக்காரி தேவைப்பட்டாள். அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவள் மலிவாகக் கிடைத்தாள். அதுதான் உண்மை. இப்போது திறப்பு விழா நாளில் கோணேசர் கோயிலில் அன்னதானம் கொடுக்கப் போகிறாயாம். சுதாகரனுடைய சோற்றை எடுத்து ஊருக்குப் பரிமாறி, அதில் புண்ணியத்தை உனக்கு எழுதச் சொல்லிக் கடவுளிடம் கேட்கப் போகிறாய். அவருக்கு அந்தளவு கணக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா?

இரண்டு கிழமைக்கு முன் நான் கண்டி வீதி பஸ்ஸில் ஏறிக் கப்பல்துறைக்குப் போனேன். சுதாகரன் ஓட்டோவைக் கழுவிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கினான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லி முடிக்க முதலே, "யோகா சொன்னவ அன்ரி, விடுங்கோ" என்றான். நான் விடவில்லை. "நீ அவனைத் திட்டு. எனக்கு முன்னால திட்டு. எனக்கு அது வேணும்" என்றேன்.

அவன் கீழே வைத்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு சொன்னான்: "திட்ட ஏலாமல் இருக்கு அன்ரி. அவன் கெட்டவன் இல்லை. அந்த இடத்தில நான் நிண்டிருந்தால், கையில காசும் இருந்து, எதிர்ப்பக்கத்தில ஒருத்தன் தவிச்சுக்கொண்டும் நிண்டால், நானும் இப்பிடித்தான் செய்திருப்பனோ எண்டு யோசிக்கிறன். அதுதான் என்னைத் தின்னுது. காசு போனது போகட்டும். முந்தி நான் மனுசரை நம்பினனான். இப்ப என்னையே நம்ப ஏலாமல் இருக்கு."

தம்பி, நீ அவனிடம் எடுத்தது ஐந்து அறைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த வசனத்தைக் கேட்டபிறகு எனக்கு உன்மேல் இருந்த கோபம் இரண்டு மடங்கானது. நீ கெட்டவனாகப் பிறந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது. காய்ச்சல் வந்த வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் எழுதிக் கொடுக்க நிலாவெளிக்குச் சைக்கிள் உழக்கினவன் நீ. எந்த நாளில், எந்தக் கூட்டத்தோடு இருந்து, மற்றவன் விழுகிற நேரம்தான் வாங்குகிற நேரம் என்று படித்தாய்? "வாய்ப்பு" என்றாய் காருக்குள். அந்தச் சொல்லை என் வீட்டில் இனிச் சொல்லாதே.

உன்னிடம் நான் கேட்பது விடுதியைத் திருப்பிக் கொடு என்று அல்ல. உதவி செய் என்றும் அல்ல. உன்னுடைய உதவி அவர்களுக்கு வேண்டாம். பேசிய விலையில் மற்றப் பாதியைக் கொடு. அது தானம் இல்லை, நீ இன்னும் கொடுத்து முடிக்காத விலை. கொடுக்கும்போது வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. நேரே போய், யோகாவும் இருக்கும்போது, "நான் சொன்ன சொல்லு மாறினனான்" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் எந்தக் குத்துவிளக்கையும் நான் ஏற்றமாட்டேன்.

நீ கொடுப்பாய் என்று நான் காத்திருக்கவும் இல்லை. என் சொல்லை நம்பிப் பொறுத்தவனுக்கு என் பக்கத்தில் ஒரு பொறுப்பு இருக்கிறது. துறைமுக வீதியைப் பார்த்தபடி இருக்கிற நம் வீட்டின் முன் இரண்டு அறைகளையும் சுதாகரனுக்குச் சாப்பாட்டுக்கடை வைக்க வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். இலவசமாகத் தருகிறேன் என்றதற்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வாடகை எண்டால் வாறன், சும்மா எண்டால் வரமாட்டன்" என்றான். ஊரில் நிற்கிற வாடகையைக் கேட்டு வாங்குகிறேன். வாடகை ஒப்பந்த எழுத்தும் முடிந்துவிட்டது. சுவரை இடித்து ஒன்றாக்கி, அடுப்பும் வைத்தாயிற்று. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் மத்தியானத்தில் வரத் தொடங்கிவிட்டார்கள். யோகா காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறாள். அவள் நேற்று வேலைக்கு வரவில்லை என்று உன் மனேஜர் போன் எடுத்துச் சத்தம் போட்டாராம். இனி வரமாட்டாள் என்று அவருக்குச் சொல்லிவிடு.

இந்த வீடு எனக்குப் பிறகு உனக்குத்தான். அதை நான் மாற்றவில்லை; அவனுடைய வாடகை எழுத்தோடு சேர்த்துத்தான் அது உனக்கு வரும். கோபத்தில் பிள்ளையை வெட்டிவிடுகிற தாய் நான் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து என்னைப் பார். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. வீட்டின் பின்னால் ஒழுங்கைச் சந்துப் பக்கத்துக் கதவை நான் கல் வைத்துக் கட்டி அடைப்பித்துவிட்டேன். இனி என்னிடம் வர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. சுதாகரனுடைய கடைக்குள்ளால், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நீ உள்ளே வர வேண்டும்.

அம்மா